முகமில்லாத கடை

ஆவூர்
11.6.2023

அன்புத் தங்கை ரீட்டாவுக்கு,

மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்துவிட்டாலும் எனக்கு நீ ரீட்டாதான். முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா? இங்கே நானும் மகள் ஷெரினும் சுகமாக இருக்கிறோம். அவள் புதுக்கோட்டைக் கல்லூரியில் இரண்டாம் வருடம் போகிறாள். உன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறார். எல்லோரோடும் போனில் பேசிவிட்டுப் போகிறேன். பேனா பிடித்து எழுதுவது போனே நுழையாத உன் கார்மேல் மடத்துக்கு மட்டும்தான்.

ஒரு செய்தி. நான் தொழில் தொடங்கியிருக்கிறேன். மார்பில் ஆபரேஷன் ஆகி ஒரு பக்கம் எடுக்கப்பட்ட பெண்கள் பாடிக்குள் வைத்துக்கொள்ள, பருத்தித் துணியில் பேட் தைக்கிறேன். திருச்சியில் பிரகதீஸ்வரி என்று ஒரு டீச்சர் பழக்கமானார். பொன்னமராவதிக்காரர். கடையில் வாங்கிய ஸ்பாஞ்ச், போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் கழுத்துக்கு ஏறிவிடுகிறது என்று அழுதார். அவருக்காகத் தைத்ததுதான் முதல் பேட். பஞ்சுக்கு நடுவில் எடைக்குச் சின்னக் கண்ணாடி மணிகள் வைத்தேன். ஏறாமல் நின்றது. அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி வேறொருவர் என்று வந்தார்கள்.

இப்போது இன்ஸ்டாகிராமில் 'துணை காட்டன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் பேட் படம் மட்டும்தான். என் பெயரோ ஊரோ முகமோ கிடையாது. ஊரில் கேட்டால் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன் என்கிறேன். பார்சலை இங்கே போடாமல் விராலிமலைக்கு எடுத்துப் போகிறேன்.

இரவல் வாங்கிய மாதிரி ஒரு சந்தோஷம், ரீட்டா. யாரிடமும் காட்ட முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன் ஜெபத்தில் என்னை மறக்காதே.
அக்கா ஷர்லி


கார்மேல் மடம்
9.7.2023

சேசுவில் பிரியமுள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது. முழங்கால் பரவாயில்லை. உன் கடிதத்தைத் தோட்டத்தில் வெண்டைக்குத் தண்ணீர் விட்டு முடித்த பிறகு படித்தேன். சந்தோஷத்தில் இன்னொரு முறையும் தண்ணீர் விட்டேன்.

உனக்கு அம்மா ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது. மாரில் கட்டி இருப்பதை நம் இரண்டு பேரிடமும் காட்டாமல், சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடி, வாடை வந்த பிறகல்லவா தெரிந்தது. அவளைக் கழுவித் துடைத்த கை என்னுடையது. நீ தைப்பது போல ஒன்றைக் கொடுக்கும் நிலைமைக்குக்கூட அவள் நம்மை வரவிடவில்லை.

ஒன்று கேட்கிறேன். திருச்சிக்கு எதற்குப் போனாய்? அந்த டீச்சரை எங்கே பார்த்தாய்? எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறவள் அதை மட்டும் விட்டுவிட்டாய்.

எங்களுக்கு மாதம் ஒரு கடிதம்தான் என்பது உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் அதுவும் கிடையாது. அதற்குள் எழுது.

ஷெரினுக்கு என் முத்தம்.
ரீட்டா


ஆவூர்
3.9.2023

அன்பு ரீட்டாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் குறையவில்லை. ஷெரினுக்குச் சளி பிடித்து விட்டது.

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. என் படங்களை யாரோ அப்படியே எடுத்து, கிட்டத்தட்ட அதே பெயரில் 'துணை காட்டன்' என்று ஒரு பக்கம் தொடங்கிவிட்டார்கள். பாதி விலை. உள்ளே மட்டமான நைலான். தையல் விளிம்பு நேராகத் தழும்பின் மேல் வருகிறது. ஒரு பெண்ணுக்குத் தோல் கிழிந்து சீழ் வைத்திருக்கிறது. அவளுடைய வீட்டுக்காரர் என் பக்கத்தைத் தேடிப் பிடித்து, "நோயாளிங்கள ஏமாத்திப் பொழைக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா?" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அது நான் இல்லை என்று எழுதினேன். "அப்ப நீ யாரு? பேரச் சொல்லு" என்று கேட்டார்.

சொல்லவில்லை.

பிரகதீஸ்வரி டீச்சர் போனில் கோபித்துக்கொண்டார். "அவனும் மொகத்த காட்டல, நீங்களும் காட்டல. எது அசல்னு அந்தப் பொண்ணுங்களுக்கு எப்புடித் தெரியும்? உங்க கடைக்கும் அவன் கடைக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க?" என்றார். ஒரு வீடியோவில் வந்து பேசினால் போதுமாம். டீச்சருக்குச் சொல்வது சுலபம், அவர் விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

தையல் மிஷின் ஒரு வாரமாகச் சும்மா கிடக்கிறது. வீட்டில் சத்தமே இல்லை. ஷெரின் ஹாஸ்டலுக்குப் போன திங்கட்கிழமைகளில் நான் வாய் திறந்து பேசுவதே பால்காரரிடம்தான்.

மற்றபடி நலம்.
அக்கா


கார்மேல் மடம்
8.10.2023

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஷெரினின் சளி விட்டிருக்கும். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தை நிறைய நாள் மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களைச் சந்திக்கும் எங்கள் பார்லரில் கம்பித் தடுப்பு இருப்பதை நீ பார்த்திருக்கிறாய். வருகிறவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். "சிஸ்டர், உங்களுக்கு ஜெயில் மாதிரி இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை. இந்தக் கம்பியை நானே கேட்டு வாங்கினேன். பயந்து ஒளியவில்லை. உன் கம்பியை யார் வைத்தது, அக்கா? நீ தைப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? துணி விற்கிறாய். நல்ல துணி.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தையல் விளிம்பு நேராகத் தழும்பின் மேல் வருகிறது என்று எழுதியிருந்தாய். அது எங்கே உறுத்தும் என்பது உனக்கு எப்படித் தெரியும்? டீச்சர் சொன்னாரா?

நான் கேட்ட பழைய கேள்விக்கும் பதில் வரவில்லை.

டிசம்பர் பிறந்தால் கடிதம் கையில் தர மாட்டார்கள்.
ரீட்டா


ஆவூர்
26.11.2023

அன்பு ரீட்டா,

சுகம்தானே? இங்கே நல்ல மழை. கண்மாய் நிறைந்துவிட்டது. கோயில் கூரையில் ஒழுகி, பூசைக்கு நடுவே பக்கெட் வைத்தார்கள். மிஷின் மறுபடி ஓடுகிறது. மச்சானுக்கு வேலை இடம் மாறியிருக்கிறது.

ஜனவரியில் புதுக்கோட்டையில் பெண் தொழில்முனைவோர் கண்காட்சி நடக்கிறது. டீச்சர் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். மச்சானிடம் சொன்னேன். "நம்ம வீட்டுச் சமாச்சாரத்த நடு ரோட்டுல வைக்கணுமா ஷர்லி? பணம் பத்தலைன்னா சொல்லு, நான் ஓவர்டைம் பாக்குறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம்.

இந்தக் கடிதம் கிறிஸ்துமஸ் கழிந்துதான் உன் கைக்கு வரும். உனக்கு இப்போதே பாலன் திருநாள் வாழ்த்து.
ஷர்லி


கார்மேல் மடம்
7.1.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

புது வருடத்துக்கு என் ஆசிகள். எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன். மழை, கண்மாய், பக்கெட், கூரை எல்லாம் எழுதியிருக்கிறாய். கேட்டதை எழுதவில்லை. இனிக் கேட்க மாட்டேன்.

எனக்குத் தோட்ட வேலையிலிருந்து மாற்றம். இப்போது பூசைக்கு அப்பம் செய்கிறேன். மண்வெட்டி பிடிப்பது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

கண்காட்சிக்குப் போ.
ரீட்டா


ஆவூர்
4.2.2024

என் ரீட்டாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முன்னால் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

கண்காட்சிக்குப் போனேன். ஊறுகாய், சாம்பிராணி, கோரைப்பாய், பனங்கருப்பட்டி என்று ஒவ்வொருவரும் தங்கள் சரக்குக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் மேஜை முழுக்கத் தலையணை உறைகளைப் பரப்பிவிட்டு, பேட்டுகளை அட்டைப்பெட்டியோடு கீழே தள்ளி வைத்தேன். டீச்சர் ஒன்றை எடுத்து மேலே வைத்தார். அவர் டீ குடிக்கப் போனதும் அதன் மேல் ஒரு உறையைப் போட்டு மூடினேன். நாள் பூராவும் யார் வந்தாலும் எனக்கு வியர்த்தது.

மத்தியானம் ஒரு அம்மா வந்தார். கட்டுமாவடியில் மீன் விற்கிறவர், பெயர் இருளாயி என்பது பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கூட்டத்தைப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறார். உறையைத் தூக்கி பேட்டைக் கையில் எடுத்தார்.

"இது எதுக்கு ஆத்தா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊசி குத்தி வைக்கிறதும்மா" என்றேன்.

அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். "ஊசி குத்தவா? பதமா, கனமா இருக்கேன்னு பாத்தேன். எனக்கு இங்கிட்டு ஒண்ணு இல்ல. பழைய வேட்டியச் சுருட்டி வச்சுக்கிட்டுத் திரியிறேன். வேர்வையில நாறிப்போகுது. இது அதுக்கு ஆகுமோன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உறையை மறுபடி அதன் மேல் இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்தேன். மறுபடி டீ வாங்கப் போயிருந்த டீச்சர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்து, "என்னாச்சு?" என்றார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அந்த அம்மா அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் நிறைய ஆட்கள். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். ஓடி வந்த மூச்சில் குரல் பெரிதாக வந்துவிட்டது.

"அது ஊசி குத்துறது இல்லக்கா. ஒங்களுக்குத்தான். எனக்கும் ஒரு பக்கம் கெடையாது. அதுக்குத்தான் தச்சேன்."

கண்டக்டர் வரைக்கும் திரும்பிப் பார்த்தார். இருளாயி அக்கா மட்டும் சாதாரணமாகக் கேட்டார்: "அப்பறம் ஏந்தாயி பொய் சொன்ன?"

பதிலுக்கு அவர் பேரையும் ஊரையும் தொழிலையும் கேட்டேன், சொன்னார். பேட்டை அவர் மடியில் வைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

ரீட்டா, முன்பின் தெரியாத ஒரு பஸ்ஸுக்கே சொல்லிவிட்டேன், உனக்குச் சொல்லவில்லை. கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்று இரண்டு வருடத்துக்கு முன் எழுதினேனே, அது பொய். எடுத்தது இடது மார்பை. திருச்சியில் ரூம் எடுத்துத் தங்கி மருந்து ஏற்றிக்கொண்டேன். டீச்சரைப் பார்த்தது அந்த வார்டில், அடுத்த கட்டிலில். முடி கொட்டியதும் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டதாக ஊரில் சொன்னேன். மாதா மன்னிக்கட்டும். மச்சானுக்கும் ஷெரினுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாவைக் கழுவிய உன் கைக்கு இன்னொரு முறை இதைக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்து நினைத்து அம்மா மாதிரியே ஆகிவிட்டேன்.

இப்போது நல்லபடியாக இருக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன், நம்பு. ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் வந்தது உனக்கும் வரலாம் என்று டாக்டர் அப்போதே சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்ததுதான் பெரிய தப்பு. மதரிடம் சொல்லி உன்னைச் சோதித்துப் பார்க்கச் சொல். இந்த வாரமே.

அக்கா ஷர்லி


ஆவூர்
10.3.2024

ரீட்டா,

தவக்காலம். இதை உனக்குக் கொடுக்க மாட்டார்கள், ஈஸ்டர் வரை அலமாரியில் கிடக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்டால் பதில் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும், அதனால் கேட்காமல் இருக்கிறேன்.

வீடியோ போட்டுவிட்டேன். ஷெரின் எடுத்தாள். முதலில் சேலையை இழுத்து இழுத்து மூடினேனாம். "அம்மா, கைய எறக்கு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையை இறக்கிவிட்டுப் பேசினேன். "என் பேரு ஷர்லி. புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர். துணை காட்டன்ஸ் என்னோடது. எனக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அதுனால தையல் எங்க உறுத்தும்னு எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க." அவ்வளவுதான்.

தைரியம் வந்த பிறகு பேசியதாக நினைக்காதே. பேசி முடித்ததும் போனை ஷெரினிடமே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன்.

கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. ஒட்டிக்கொள்ளும் என்றா, என்ன பேசுவது என்று தெரியாமலா, எனக்குப் புரியவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரத்தில் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார்கள். வீடியோவுக்குக் கீழே சில ஆண்கள் எழுதியதை உனக்குச் சொல்ல மாட்டேன். ஷெரின் ஒவ்வொன்றாக அழித்தாள், அழுதுகொண்டே. மச்சானிடமிருந்து அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் போட்டால் ரிங் போகிறது, எடுப்பதில்லை.

ஆனால் பெண்கள் கூப்பிடுகிறார்கள். மெசேஜில் அளவு மட்டும் எழுதியவர்கள் இப்போது குரலோடு வருகிறார்கள். ஒருத்தி பேசவே இல்லை, அழுதுவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டு ஆர்டர் சொன்னாள். அந்தக் காப்பிக்காரன் இன்னும் விற்கிறான். ஆனால் சீழ் வைத்த பெண்ணின் வீட்டுக்காரர் கூப்பிட்டு, "தெரியாமப் பேசிட்டேம்மா" என்றார்.

எல்லாம் சரிதான். போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருக்கிறது. நீ சோதித்துப் பார்த்தாயா? கேட்கக் கூடாது என்றேன், கேட்டுவிட்டேன்.

ஷர்லி


கார்மேல் மடம்
14.4.2024

உயிர்த்த ஆண்டவரில் என் பிரிய அக்காவுக்கு,

அல்லேலூயா. உன் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. என் எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். காரணம் சொல்கிறேன்.

பிப்ரவரிக் கடிதம் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வாரம் வந்தது. படித்தேன். கோபம் வந்தது. நீ அழுதால் துடைக்க நான் இருந்திருக்க வேண்டியதில்லையா என்று வந்த கோபம். அப்புறம் அந்தக் கோபத்துக்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தது. ஏனென்றால் அக்கா, அக்டோபர் மாதமே என் வலது பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. "உன் கம்பியை யார் வைத்தது" என்று உன்னைக் கேட்டு எழுதிய அதே மாதம். யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒப்புக்கொடுத்தவள் ராத்திரி பகலாகத் தடவித் தடவிப் பார்ப்பாளா?

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மதரிடம் போனேன். வாயால் சொல்ல வரவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உனக்கும் இருக்கா?" என்றார்கள். தலையை ஆட்டினேன். தவக்காலத்தில் ஆபரேஷன் ஆயிற்று. ஆரம்ப நிலைதான், பரவவில்லை, மருந்து ஏற்ற வேண்டியதில்லை என்றார்கள். மாத்திரை மட்டும். மடத்து ஆபீஸ் போனிலிருந்து உனக்குச் சொல்லட்டுமா என்று மதர் கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். பார்த்துக்கொள், மறைப்பதில் நான் உனக்கும் அம்மாவுக்கும் இளைத்தவள் இல்லை.

இங்கே யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அங்கி தொளதொளவென்று இருக்கிறது. நிலைக்கண்ணாடிகூடக் கிடையாது. ஆனாலும் ஜெபத்துக்கு நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறேன். வரிசையில் நிற்கும் மற்ற சகோதரிகளைப் போல நேராக நிற்க ஆசையாக இருக்கிறது.

எனக்கு ஒன்று தைத்து அனுப்பு, அக்கா.

ரீட்டா


ஆவூர்
5.5.2024

என் கண்ணே ரீட்டா,

கடிதம் வந்த அன்று ஷெரினைப் பக்கத்தில் உட்கார வைத்து சத்தமாகப் படித்தேன். இரண்டு பேரும் அழுதோம். நீ உயிரோடு இருக்கிறாய் என்பதை முழுசாக நம்ப எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வலது கையைத் தூக்கிப் பழகு. சுவரில் விரலை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். வலிக்கிறது என்று நிறுத்திவிடாதே.

உனக்கு இரண்டு தைத்திருக்கிறேன், துவைத்து மாற்றிக்கொள்ள. எத்தனையோ பெண்களுக்குத் தைத்துவிட்டேன், பிரித்ததில்லை. இதை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். அங்கி கனமான துணி என்பதால் மணிகளைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கிறேன். பொருந்தவில்லையென்றால் கூச்சப்படாமல் எழுது.

மச்சான் போன வாரம் பேசினார். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சாப்பிட்டியா?" என்றார். "சாப்புட்டேன், நீங்க?" என்றேன். உன்னைப் பற்றிச் சொன்னதும் எந்தப் பக்கம், எப்போது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இது போதும், இனி மெதுவாக வரட்டும். கோயிலில் இன்னும் தனியாகத்தான் உட்காருகிறேன். சில ஞாயிறு அது பாரமாக இருக்கிறது. சில ஞாயிறு பழகிவிட்டது போல இருக்கிறது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். நேற்றுக் காலை மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி பஸ்ஸில் வந்திருக்கிறாள். போன் நம்பர் இல்லை, பெயரும் மறந்துவிட்டது. டீக்கடையில் நின்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் முந்தானையைத் திருகியிருக்கிறாள். நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பிராங்க்ளின் அவளிடம் கேட்டது என் வாசல் வரை காதில் விழுந்தது. ஊருக்கே கேட்டிருக்கும்.

"யாரு, மாருக்கு பேட் தைக்கிற ஷர்லி அக்கா வீடா? அந்தா அங்கிட்டு, பச்சை கேட்டு. நேராப் போங்க."

கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். என் கால் தானாக வீட்டுக்குள் போகப் பார்த்தது. ஈரத் துணியைக் கொடியில் போட்டேன். கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்து நின்று, அந்தப் பெண்ணுக்குத் தெரியும்படி கையை உயர்த்தினேன்.

உன் பதிலுக்கு நாள் ஆகும் என்று தெரியும். காத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஷர்லி